அரை அங்குலக் கணக்கு



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஹைட்ராலிக் கிளட்ச். எஞ்சினைப் பற்றிப் பேச நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். கார்புரேட்டரைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. பெயின்ட், குரோமியம், மரவேலை, எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. கிளட்சைப் பற்றி மட்டும், அது கெடுகிற நாள் வரைக்கும் யாரும் வாய் திறப்பதில்லை. கெட்ட அன்றைக்கு என்ன நடக்கிறது? மாஸ்டர் சிலிண்டரை மாற்று என்கிறார் ஒருவர். ஸ்லேவ் போய்விட்டது என்கிறார் இன்னொருவர். ஏர் பிடித்திருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் வேறொருவர். மூன்று பேர் சொன்னதையும் செய்து முடித்து, பணத்தையும் கொடுத்துவிட்டு, ரிவர்ஸ் கியரைப் போட்டால் பழையபடி அதே கரகரப்பு!

ஏன் அப்படி? மூவரில் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இந்த மாலையில் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. எதையும் கழற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். எந்த இடத்தில் அளப்பது, எவ்வளவு இருக்க வேண்டும், குறைந்தால் அது எங்கே போயிற்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

பொதுவாகப் பேசினால் மனத்தில் நிற்காது. ஆகவே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். எம்.ஜி.பி. இங்கிலாந்தில் அபிங்டன் என்ற சிறுநகரில் 1962 முதல் 1980 வரை கட்டப்பட்ட இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். உலகம் முழுவதும் இன்றும் ஓடுகிறது. உதிரி பாகம் கிடைக்கிறது. அதன் கிளட்ச் அமைப்பு அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றுக்கும் மாதிரியாக நிற்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றவற்றைப் புரிந்துகொள்வது எளிது.

முதலில் அடிப்படைக் கேள்வி. பெடலிலிருந்து கிளட்சுக்கு ஒரு கம்பியை இழுத்தால் போதாதா? எதற்காக எண்ணெய், குழாய், சிலிண்டர்? கம்பி, ராடு வைத்த வண்டிகள் இருந்தன, நன்றாகவே ஓடின. ஆனால் எஞ்சின் ரப்பர் மவுன்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வண்டி கிளம்பும்போது எஞ்சின் குலுங்கும். நேரான ராடு இருந்தால் அந்தக் குலுக்கல் கிளட்சுக்கும் போகும், வண்டி உதறிக்கொண்டு கிளம்பும். இன்னொன்று, ஒரே வண்டியை உள்நாட்டுக்கு வலப்பக்க ஸ்டியரிங்கிலும் அமெரிக்காவுக்கு இடப்பக்க ஸ்டியரிங்கிலும் கட்ட வேண்டியிருந்தது. ராடு என்றால் இரண்டு விதமாகச் செய்ய வேண்டும். குழாய் என்றால் எந்தப் பக்கமும் வளைத்துக் கொண்டுபோகலாம். அந்தக் குழாய்க்குள் நிற்கும் எண்ணெய்தான் நம் ராடு.

எண்ணெய் எப்படி ராடாக வேலை செய்யும்? இதோ பாருங்கள், மருந்துக் கடையில் வாங்கிய இரண்டு சிரிஞ்சுகளைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று ஒல்லி, ஒன்று பருமன். நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய். உள்ளே தண்ணீர். ஒல்லியானதை நான் அழுத்துகிறேன். பருமனானது நகர்கிறது. கொஞ்சமாக நகர்கிறது, ஆனால் பலமாக நகர்கிறது. முன்வரிசையில் இருக்கும் தம்பி வந்து கட்டைவிரலால் தடுத்துப் பார்க்கலாம், தடுக்க முடியாது. அடைபட்ட திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் எழுதி வைத்தார். அவர் 1662இல் இறந்த பிறகு, 1663இல் அந்த நூல் அச்சானது. 1795இல் லண்டனில் ஜோசப் பிராமா அந்த விதியைக் கொண்டு ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அழுத்தம் ஏற ஏற அவருடைய பிஸ்டனைச் சுற்றி நீர் கசிந்தது. அதைத் தீர்த்து வைத்தவர் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே. கிண்ண வடிவத்தில் ஒரு தோல் வளையம். அழுத்தம் கூடினால் அதன் விளிம்பு விரிந்து சுவரில் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நண்பர்களே, இன்று நீங்கள் ரிப்பேர் கிட்டைப் பிரிக்கும்போது கையில் வருகிற அந்தக் கறுப்பு ரப்பர் கப் இருக்கிறதே, அது அந்தத் தோல் வளையத்தின் வழித்தோன்றல்தான். பட்டறைத் தொழிலாளி ஒருவர் கண்டுபிடித்த தீர்வு இருநூறு ஆண்டுகளாக நிற்கிறது. கப்பைக் கையில் எடுக்கும்போது அந்த மரியாதையோடு எடுங்கள்.

காருக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான மால்கம் லாஃகீட். 1921இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அவருடைய ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. பிறகு அந்தப் பெயர் லாக்ஹீட் என்ற எழுத்துக்கு மாறியது. எம்.ஜி.பி.யின் கிளட்ச் சிலிண்டர்களில் இருப்பதும் அந்த லாக்ஹீட் பெயர்தான்.

இந்தக் கதை சீமையோடு முடியவில்லை. நம் சென்னைக்கு வெளியே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு கார் கட்டினார்கள். அதிலும் ஹைட்ராலிக் கிளட்ச்தான். 1962இல் பாடியில் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் கர்லிங் நிறுவனமும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. ஆக, மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், கப், கிட் என்ற இந்தப் பேச்செல்லாம் நம் மெக்கானிக்குகளின் வாய்க்குப் புதிதல்ல. இரண்டு தலைமுறையாகப் புழங்கும் பேச்சு.

இனி எம்.ஜி.பி.யின் கணக்குக்கு வருவோம். பென்சில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலே, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் துளை முக்கால் அங்குலம். கீழே கியர்பாக்ஸ் பக்கத்தில், கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் துளை ஒன்றேகால் அங்குலம். அதாவது மூன்றுக்கு ஐந்து. பரப்பளவில் பார்த்தால் ஒன்பதுக்கு இருபத்தைந்து. மாஸ்டர் பிஸ்டன் 2.8 அங்குலம் போனால்தான் ஸ்லேவ் பிஸ்டன் ஒரு அங்குலம் நகரும். தூரத்தில் இழக்கிறோம், பலத்தில் சம்பாதிக்கிறோம். நம் கால் வலிக்காமல் கிளட்ச் விடுபடுவது இந்தச் சம்பாத்தியத்தால்தான்.

கிளட்ச் சுத்தமாக விடுபட ஸ்லேவின் புஷ் ராட் ஏறத்தாழ அரை அங்குலம் நகர வேண்டும். நம் பட்டறைக் கணக்கில் நாலு நூல். அதற்கு மாஸ்டர் பிஸ்டன் 1.4 அங்குலம் போக வேண்டும். இதற்காக இடம் மாறுகிற எண்ணெய் எவ்வளவு தெரியுமா? வெறும் 10 மில்லி! நீங்கள் பெடலை முழுக்க மிதிக்கும்போது குழாயில் நகர்வது பத்தே மில்லி எண்ணெய். இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் குழாயில் எங்கோ ஒரு மூலையில் ஒரு மில்லி காற்று நிற்கிறது. எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். அழுத்தம் ஏறியதும் அந்த ஒரு மில்லி அநேகமாக ஒன்றுமில்லாமல் போய்விடும். அது சுருங்கிய அளவுக்கு ஸ்லேவ் நகராது. பத்தில் ஒரு பங்கு போயிற்று. ஒரு மில்லி காற்று அவ்வளவைத் தின்றுவிடும். அதனால்தான் கிளட்சில் சிறிது காற்று இருந்தாலும் உடனே தெரிகிறது.

ஆகவே அளப்போம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் போகாதீர்கள். எஞ்சின் ஓடக்கூடாது. மேலே ஒருவர் பெடலை மெதுவாக அடி வரைக்கும் மிதிக்கட்டும். கீழே நீங்கள் ஒரு இரும்பு ஸ்கேலை ஸ்லேவின் புஷ் ராட் பக்கத்தில் பிடியுங்கள். எவ்வளவு நகர்கிறது? நாலு நூலா, மூன்று நூலா, இரண்டு நூலா? எழுதி வையுங்கள். பிறகு மேலே இருப்பவர் பெடலை அப்படியே ஒரு நிமிடம் மிதித்துக்கொண்டிருக்கட்டும். ராடு நிற்கிறதா, மெல்ல மெல்லத் திரும்பி வருகிறதா? அதையும் எழுதி வையுங்கள்.

இந்த இரண்டு அளவுகளும் நோயை இரண்டாகப் பிரித்துக் காட்டிவிடும். ராடு அரை அங்குலம் நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால் கோளாறு கிளட்சுக்குள்ளே, ஹைட்ராலிக்கில் கை வைக்காதீர்கள். ராடு நகரவில்லை என்றால் கோளாறு வெளியே, எஞ்சினை இறக்காதீர்கள். எம்.ஜி.பி.யில் இது சாதாரணமான வித்தியாசம் இல்லை. அந்த வண்டியில் கிளட்ச் பிளேட்டைப் பார்க்க எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். ஹெரால்டில் அப்படிக் கிடையாது, முன்சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் மூடியைக் கழற்றிக் கியர்பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே எடுத்துவிடலாம். எம்.ஜி.பி.காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு ஸ்கேல் வைத்துப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய வேலைக்காக எஞ்சினை இறக்கியவர்கள் எத்தனை பேர்! அந்த உழைப்பு வீணாவதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, ராடு மூன்று நூல்தான் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் எங்கே போயிற்று? மேலிருந்து கீழே தேடிக்கொண்டு வருவோம்.

பெடலிலேயே தொடங்குங்கள். பெடலின் கழுத்தையும் மாஸ்டரின் புஷ் ராடையும் இணைக்கும் ஒரு சின்ன பின் இருக்கிறது. கிளெவிஸ் பின் என்பார்கள். இரண்டரை நூல் பருமன். ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மிதிக்கும் அந்தப் பின்தான் சுமையைத் தாங்கியிருக்கிறது. பின் தேய்ந்திருக்கும். பின் போகும் ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கும். கையால் பெடலை லேசாக ஆட்டிப் பாருங்கள். மாஸ்டரின் ராடு நகரத் தொடங்குவதற்கு முன் பெடல் எவ்வளவு சும்மா போகிறது? அந்தச் சும்மா போகிற தூரம் அத்தனையும் நஷ்டம். பெடலின் மொத்தப் பயணத்துக்கு ஓர் எல்லை உண்டு, கீழே தரை இருக்கிறது. மேலே வீணானதைக் கீழே ஈடுகட்ட முடியாது.

எங்கள் பட்டறைக்கு ஒரு எம்.ஜி.பி. வந்தது. புது மாஸ்டர், புது ஸ்லேவ், புது ஹோஸ், எல்லாம் மாற்றியாகிவிட்டது. ரிவர்ஸ் மட்டும் விழவில்லை. எஞ்சினை இறக்கலாமா என்று கேட்டார் உரிமையாளர். பெடல் பெட்டியின் மூடியைத் திறந்தோம். அந்தப் பின்னை வெளியே எடுத்தால், நடுவில் பாதி உடம்பு இல்லை. பெடலின் ஓட்டையை வெல்டு வைத்து நிரப்பி மறுபடி துளை போட்டு, புதுப் பின் மாட்டினோம். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அத்தனை விலையுயர்ந்த பாகங்களை வாங்கியவருக்கு இந்தப் பின்னைப் பார் என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போனார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும், கவனித்துக் கேளுங்கள். கீழேயும் இதே மாதிரி ஒரு பின் இருக்கிறது, ஸ்லேவின் ராடையும், கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் ஃபோர்க்கையும் இணைப்பது. அதுவும் தேயும். ஆனால் அந்தத் தேய்மானத்தால் பெரிய நஷ்டம் வராது. ஏன்? ஸ்லேவுக்குள் பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது எப்போதும் பிஸ்டனை லேசாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பின்னில் இருக்கும் ஆட்டத்தை அந்த ஸ்பிரிங் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. மேல் பின்னில் தேய்ந்தால் நஷ்டம், கீழ்ப் பின்னில் தேய்ந்தால் ஸ்பிரிங் சமாளித்துவிடும். ஆகவே பணத்தை முதலில் மேலே செலவழியுங்கள்.

அடுத்து மாஸ்டர். பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது ராடு மெல்லத் திரும்பியது என்று எழுதி வைத்தீர்களே, வெளியே எங்கும் ஒழுகவும் இல்லை என்றால், மாஸ்டரின் கப் தன்னைத் தாண்டி எண்ணெயை விடுகிறது என்று பொருள். சிக்னலில் கிளட்சை மிதித்து நின்றால் வண்டி தானாக முன்னே ஊர ஆரம்பிக்கும். வெளியே ஒழுகினால் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. மாஸ்டர் ஒழுகினால் பெடல் வழியாக இறங்கிக் கால்மிதியை நனைக்கும், பெயின்டை உரிக்கும். ஸ்லேவ் ஒழுகினால் அதன் ரப்பர் உறைக்குள் எண்ணெய் தேங்கி நிற்கும். உறையின் உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

புதிதாக மாட்டும்போது என்ன செய்ய வேண்டும்? சுத்தம், சுத்தம், சுத்தம். ஆனால் எதைக்கொண்டு சுத்தம் செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெட்ரோலில் கழுவாதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள். டீசலைத் தொடாதீர்கள். இந்த ரப்பர் பிரேக் ஆயிலோடு வாழப் பிறந்தது. பெட்ரோலிய எண்ணெய் ஒரு சொட்டு பட்டாலும் ஊதிப்போகும், பிறகு துளைக்குள் சிக்கிக்கொள்ளும். கழுவுவதற்கும் பிரேக் ஆயில், தடவுவதற்கும் பிரேக் ஆயில். கப்பின் விளிம்பு அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் ஒரு மிதிக்குக்கூடத் தாங்காது. சிலிண்டரின் உள்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். துருக்குழி தட்டுப்பட்டால் புதுக் கப் போட்டுப் பயனில்லை. சிலிண்டரை மாற்ற வேண்டும், அல்லது லேத்தில் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டு வாங்க வேண்டும்.

கிளட்ச் பிளேட்டைப் புதிதாக மாற்றுகிறவர்கள் ஸ்லேவையும் கூடவே பார்த்துவிடுங்கள். பிளேட் தேயத் தேய, ஸ்லேவ் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் துளைக்குள் பின்வாங்கும். அந்த எண்ணெய் மேலே மாஸ்டருக்குத் திரும்பிப் போகும். பிரேக் கட்டை தேய்ந்தால் எண்ணெய் மட்டம் இறங்கும், கிளட்ச் பிளேட் தேய்ந்தால் மட்டம் சற்று ஏறும்! இந்த அழகைக் கவனித்தவர்கள் குறைவு. புதுப் பிளேட் போட்டதும் பிஸ்டன் தன் பழைய இடத்தை விட்டு வேறு இடத்தில் உட்காரும். அங்கே துரு இருந்தால், நேற்று வரை ஒழுகாத ஸ்லேவ் இன்று ஒழுகும்.

ஸ்லேவை மாட்டுவதில் வரிசை முக்கியம். ஹோஸை முதலில் ஸ்லேவோடு, புதுச் செப்பு வாஷர் வைத்து இறுக்குங்கள். பிறகு மறுமுனையை இரும்புக் குழாயோடு சேருங்கள். அங்கே இறுக்கும்போது ஹோஸின் தலையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முறுக்கேறிய ஹோஸ் முறுக்கோடேயே வாழ்ந்து சீக்கிரம் வெடிக்கும். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும், ஹோஸ் கீழே. இரண்டையும் மாற்றி மாட்டினால் ஸ்லேவின் உச்சியில் ஒரு குமிழி குடியேறிவிடும், எத்தனை பாட்டில் ஊற்றினாலும் வெளியே வராது. ஸ்லேவைக் கியர்பாக்ஸிலிருந்து கழற்றி வைத்திருக்கும்போது யாரும் பெடலை மிதித்துவிடக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

எந்த எண்ணெய்? டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளவை. புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை. ஈரம் ஏறினால் அந்த எல்லை 140, 155 என்று சரியும். கிளட்சில் கொதிப்பதைவிடத் துருப்பிடிப்பதுதான் பெரிய தொல்லை. எண்ணெயில் கலந்த ஈரம் சிலிண்டரின் இரும்பை அரித்துவிடும். டாட் 5 என்பது சிலிக்கோன், ஈரத்தை இழுக்காது, பெயின்டை உரிக்காது. நல்லதுதான். ஆனால் மற்றதோடு கலக்கக்கூடாது, மாறுவதாக இருந்தால் ரப்பர் முழுவதையும் புதிதாகப் போட்டு, குழாயைக் கழுவிக் காயவைத்துவிட்டு மாறுங்கள். என் விருப்பம் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது. செலவு குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும்.

இப்போது எல்லோரையும் அழவைக்கிற இடத்துக்கு வருகிறேன். ஏர் எடுப்பது.

நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? ஒருவர் மிதிக்கிறார், ஒருவர் நிப்பிளைத் திறக்கிறார், மூடுகிறார். மிதி, திற, மூடு, விடு. சில வண்டிகளில் நான்கைந்து மிதியில் முடிந்துவிடும். சிலவற்றில் மாலை வரை மிதித்தாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும். ஏன்? குழாயின் பாதையைப் பாருங்கள். மாஸ்டரிலிருந்து குழாய் நேராகக் கீழே இறங்கினால் பிரச்சினை இல்லை. வளைந்து கொஞ்சம் மேலே ஏறிப் பிறகு இறங்கினால், அந்த உச்சி வளைவில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றுக்கு மேலே போகத்தான் ஆசை. நாமோ அதைக் கீழே துரத்துகிறோம். ஒரு மிதிக்கு நகர்வது பத்து மில்லிதான். குமிழி கொஞ்சம் இறங்கும், அடுத்த மிதிக்குள் திரும்ப ஏறிவிடும்.

காற்று எந்தப் பக்கம் போக விரும்புகிறதோ அந்தப் பக்கமே அனுப்பிவிடுவோமே! கீழிருந்து மேலே எண்ணெயை ஏற்றுங்கள். மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று புதிதாக வாங்குங்கள். அதில் பிரேக் ஆயிலை நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டி, ரப்பர்க் குழாயை ஸ்லேவின் நிப்பிளில் செருகி, நிப்பிளைத் திறந்து மெதுவாக அழுத்துங்கள். மேலே மாஸ்டரின் டப்பாவில் குமிழிகள் வந்து உடைவதை இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும். எம்.ஜி.பி.காரர்களிடம் இன்னொரு உபாயமும் உண்டு. முன் சக்கரத்தின் பிரேக் கேலிபர் நிப்பிளையும் கிளட்ச் ஸ்லேவின் நிப்பிளையும் ஒரு குழாயால் இணைத்து, இரண்டையும் திறந்து, பிரேக் பெடலை மெதுவாக மிதிப்பது. காலை விடுவதற்கு முன் ஒரு நிப்பிளை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏறியது திரும்பி வந்துவிடும். பிரேக்கின் எண்ணெயே கிளட்சின் காற்றைத் துரத்திவிடும். பிரேக்கில் இருப்பது புது எண்ணெயாக இருக்க வேண்டும், அதன் டப்பா வற்றவும் கூடாது. கிளட்ச் டப்பா நிரம்பி வழியாமல் அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும். சுற்றிலும் நனைந்த துணியைப் போட்டு வையுங்கள், வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட் பிழைக்கும்.

காற்று போய்விட்டதா என்று காலை நம்பிச் சொல்லாதீர்கள். மறுபடி ஸ்கேல். மறுபடி புஷ் ராட். நாலு நூல் வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றால் முடிந்தது.

இதுவரை கிளட்ச் விடாத நோயைப் பற்றிப் பேசினோம். கிளட்ச் பிடிக்காத நோய் ஒன்றும் உண்டு. மேட்டில் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. ஸ்லிப் ஆகிறது. உடனே பிளேட் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பொறுங்கள்! பிளேட் நல்ல நிலையில் இருந்தும் ஸ்லிப் ஆக வழி இருக்கிறது. பெடலை விட்ட பிறகு மாஸ்டரின் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்து உட்கார வேண்டும். அப்போதுதான் அதன் முன்னே இருக்கும் ஒரு ஊசித்துளை திறந்து, குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம் டப்பாவுக்குத் திரும்பும். புஷ் ராடை இறுக்கமாக வைத்துவிட்டால் பிஸ்டன் அந்தத் துளையை மூடிக்கொண்டே நிற்கும். எஞ்சின் சூட்டில் எண்ணெய் விரிவடையும். விரிந்த எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. அது ஸ்லேவைத் தள்ளும். நீங்கள் பெடலைத் தொடாமலே கிளட்ச் பாதி மிதித்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும். ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மெல்லிய ஆட்டம் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பழைய ஹோஸும் இதையே செய்யும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே ரப்பர் ஊதி வழி அடைத்திருக்கும். காலின் பலம் எண்ணெயைத் தள்ளிவிடும், திரும்பி வரும்போது அந்தப் பலம் இல்லை. இரண்டில் எது குற்றவாளி? வண்டி ஸ்லிப் ஆகிற நேரத்திலேயே நிறுத்தி, மாஸ்டர் பக்கத்துக் குழாய் நட்டைச் சற்று தளர்த்துங்கள். எண்ணெய் பீறிட்டுக் கிளட்ச் பிடித்துக்கொண்டால் கோளாறு மாஸ்டரில். அங்கே ஒன்றும் நடக்காமல், கீழே ஸ்லேவின் நிப்பிளைத் திறந்தபோது பீறிட்டால் கோளாறு ஹோஸில். இரண்டு ஸ்பேனர், ஐந்து நிமிடம். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

கடைசியாக, அரை அங்குலம் முழுதாக வருகிறது, ஆனாலும் கியர் கரகரக்கிறது என்றால்? அப்போது உள்ளே போகத்தான் வேண்டும். எம்.ஜி.பி.யின் ரிலீஸ் பேரிங்கில் உருளைகள் கிடையாது, கார்பன் வளையம்தான். பெடலின் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களிடம் அது சீக்கிரம் கரைந்து, இரும்பு இரும்போடு உரசும். சிக்னலில் நின்றால் நியூட்ரல் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள் என்று புது ஓட்டுநர்களுக்குச் சொல்லுங்கள். ஃப்ளைவீல் நடுவே இருக்கும் வெண்கல புஷ் கியர்பாக்ஸ் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டாலும் இதே கரகரப்பு வரும். டிரையம்ஃப் டி.ஆர். வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அதில் ரிலீஸ் ஃபோர்க்கை ஷாஃப்டோடு பூட்டியிருக்கும் கூம்பு பின் ஒடிவது வழக்கம். வெளியே ராடு அழகாக நகரும், உள்ளே ஒன்றும் நகராது.

நீண்ட நாள் ஷெட்டில் நின்ற வண்டி என்றால் வேறு சந்தேகம் முதலில் வர வேண்டும். ஈரக்காற்றில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். கடலோர ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். எதையும் கழற்றாமல், பெடலை முழுக்க மிதித்து ஒரு மரக்கட்டையால் முட்டுக் கொடுத்து ஒரு இரவு விட்டு வையுங்கள். பல வண்டிகளில் காலையில் ஒட்டு விட்டிருக்கும். விடவில்லை என்றால், எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, முன்னே திறந்த வெளி இருக்கும் இடத்தில், கியரில் போட்டு, பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து, ஓடும்போதே பிரேக்கை அழுத்திப் பாருங்கள். ஆட்கள் இல்லாத இடமாக இருக்க வேண்டும், வண்டி பாய்ந்து கிளம்பும். இதற்கும் மசியாவிட்டால்தான் எஞ்சினை இறக்குவது பற்றிப் பேச்சு. ஓட்டாத மாதங்களிலும் வாரத்துக்கு ஒரு நாள் ஷெட்டுக்குப் போய்ப் பத்து முறை கிளட்சை மிதித்துவிட்டு வந்தால், பிளேட்டும் ஒட்டாது, சிலிண்டரின் கப்புகளும் ஒரே இடத்தில் காய்ந்து கிடக்காது.

வாசலில் நிற்கும் வண்டிகளில் ஏதாவது ஒன்றின் கிளட்சில் சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள். ஸ்கேலும் ஸ்டாண்டும் கொண்டுவந்திருக்கிறேன், சேர்ந்தே அளந்து பார்ப்போம்.